மூடிக்கு ஏழு வினாடி

"அக்கா, பன்னண்டு நாளாச்சு. நீங்க எனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலைங்க்கா."

கோகிலவாணி லேத்தின் கதவைத் திறந்தாள். அப்போதுதான் கடைந்து முடிந்திருந்த பம்ப் மூடி ஒன்றை எடுத்து, கேட்டவன் கையில் வைத்தாள்.

"ஐயோ, சுடுதுங்க்கா."

"ஒண்ணு சொல்லித் தந்தாச்சுங்க" என்றாள்.

கேட்டவன் பெயர் தரணீஷ். மெக்கானிக்கல் இன்ஜினியரிங், மூன்றாம் வருஷம். கோயமுத்தூர் கணபதிப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் மூன்று வாரப் பயிற்சிக்கு வந்திருந்தான்.

ஞானக் கதை என்றால் குருவுக்கு நீளமாகத் தாடி வேண்டும், பக்கத்தில் ஒரு நதியாவது ஓட வேண்டும். இந்தக் கதைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே குருவுக்கு வயது இருபத்தாறு. ஐடிஐயில் டர்னர் படித்துவிட்டு எட்டு வருஷமாக லேத் ஓட்டுகிறாள். தன்னை யாரோ குருவாக நியமித்துவிட்டார்கள் என்பதே அவளுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது.

நியமித்தவர் ஒர்க்ஸ் மேனேஜர் சென்னியப்பன். அவரும் பி.இ.தான், முப்பது வருஷத்துக்கு முந்தைய பி.இ. தரணீஷ் வந்து இறங்கிய அன்று அவனுக்கு அவர் செய்த உபதேசம் இவ்வளவுதான்.

"தம்பி, அந்த அம்மிணி பக்கத்துல நில்லு. கடைசி நாள் அவ கையெழுத்துப் போட்டா நான் சீல் வெக்கறேன்."

அந்தக் கையெழுத்தில்தான் தரணீஷின் உயிர் இருந்தது. காலேஜில் ஓர் அறிக்கை கேட்டிருந்தார்கள். கம்பெனியில் ஒரு குறையைக் கண்டுபிடித்து, அதற்குத் தீர்வும் எழுத வேண்டும். கீழே பயிற்சி கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லையென்றால் மார்க் இல்லை. மார்க் இல்லையென்றால் அடுத்த மாதம் ஓசூரிலிருந்து வரும் பெரிய கம்பெனியின் இன்டர்வியூவில் உட்கார முடியாது. அவன் அப்பா அந்த இன்டர்வியூவைப் பற்றிச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். வேலை கிடைத்துவிட்ட மாதிரியே சொல்லிவிட்டார்.

ஆனால் குறைக்கு எங்கே போவது?

கோகிலவாணி ஓட்டும் மெஷினில் மூடி கெட்டுப் போவதே கிடையாது. கெட்டுப் போனால் போட ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு சிவப்புப் பெட்டி உண்டு. அவளுடைய பெட்டியில் நாலு மாதமாக ஒரு சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, இந்த மெஷின்ல என்னதான் பிரச்சினைங்க்கா?"

"நீங்க நிக்கறதால ஃபேன் காத்து வரமாட்டேங்குதுங்க."

தரணீஷ் நகர்ந்து நின்றான்.

அது சனிக்கிழமை. திங்கட்கிழமை அவன் ஒரு முடிவோடு வந்தான். ஃபோனில் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டான். அவள் கை அசைகிற ஒவ்வோர் அசைவையும் அளக்கத் தொடங்கினான். படித்த படிப்பு வீண் போகுமா?

கதவு திறக்க மூணு வினாடி. மூடி எடுக்க நாலு. ஏர் கன்னால் காற்றடித்து உள்ளே சுத்தம் பண்ண அஞ்சு.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் அந்த அதிசயம் நடந்தது.

மூடியைக் கவ்விப் பிடிக்க லேத்துக்குள் மூன்று இரும்புத் தாடைகள் இருக்கும். காற்றடித்து முடித்த கையோடு கோகிலவாணி உள்ளே கையை விட்டு, மூன்று தாடைகளையும் நடுவிரலால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவினாள். கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு தடவினாள். அப்புறம்தான் அடுத்த மூடியை மாட்டினாள்.

ஏழு வினாடி.

அடுத்த மூடிக்கும் தடவினாள். அதற்கடுத்ததற்கும் தடவினாள்.

தரணீஷுக்கு மயிர்க்கூச்செறிந்தது. காலையில் ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லோரும் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதை அவன் பார்த்திருக்கிறான். அது வழக்கம், சரி. ஆனால் மூடிக்கு மூடி கும்பிடுவதா? பாவம், எட்டு வருஷமா இந்த அக்காவுக்கு யாரும் எடுத்துச் சொல்லலையே என்று அவனுக்கு இரக்கம்கூட வந்தது. மெய்யாகவே வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் போட்டான். ஷிஃப்டுக்கு நூற்றுப்பத்து மூடி. மூடிக்கு ஏழு வினாடி என்றால் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் வீண். அந்த நேரத்தில் மூன்று மூடி கடையலாம். ஒரு நாளைக்கு இரண்டு ஷிஃப்ட், வருஷத்துக்கு முந்நூறு நாள்.

ஆயிரத்து எண்ணூறு மூடி.

சந்தோஷத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளும் அளந்தான். ஒவ்வொரு மூடிக்கும் ஃபோனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, வாய்க்குள் எண்ணி, நோட்டில் குறித்தான். மாறாமல் ஏழு வினாடி வந்தது. அன்று சாயங்காலமே இருபத்தெட்டுப் பக்கத்துக்கு அறிக்கை எழுதிவிட்டான். படம், வரைபடம், வட்டத்தை வெட்டிக் காட்டும் கலர்ப் படம் எல்லாம் இருந்தது. பதினாறாம் பக்கத்தில் இப்படி இருந்தது:

'இயக்குபவர் ஒவ்வொரு மூடிக்கு முன்பும் ஏழு வினாடிகள் இயந்திரத்தை வணங்குகிறார். நாளொன்றுக்கு ஒரு முறை வணங்குவது போதுமானது.'

புதன்கிழமை காலை அதை நேராகச் சென்னியப்பனிடம் கொண்டுபோனான். குருவைத் தாண்டிப் போகக் கூடாது என்றெல்லாம் காலேஜில் சொல்லித் தருவதில்லை.

சென்னியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார்.

"ஆயிரத்து எண்ணூறா?"

"ஆமாங்க சார்."

"செலவு?"

"ஒண்ணுமே இல்லைங்க சார். கும்பிடாம இருந்தாப் போதும்."

சென்னியப்பன் அவனை ஆசையாகப் பார்த்தார். முப்பது வருஷத்தில் செலவில்லாத யோசனையோடு யாரும் அவர் ரூமுக்குள் வந்ததில்லை.

"அம்மிணிகிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வா. திங்கக்கிழமையிலிருந்து எல்லா லேத்துக்கும் ஷிஃப்டுக்கு மூணு மூடி டார்கெட் ஏத்திடறேன்."

டீ நேரத்தில் தரணீஷ் அறிக்கையைக் கோகிலவாணியிடம் நீட்டினான். அவள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து படித்தாள். ஒரு பக்கம் விடவில்லை. பதினாறாம் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க்கா" என்றான் தரணீஷ். "பக்தி நல்லதுதான். நான் நேரத்தைத்தான் சொல்றேன்."

"எந்தச் சாமின்னு எழுதலையேங்க."

"அது தெரியலைங்க்கா."

"பரவால்லைங்க."

அவள் டீயைக் குடித்து முடித்தாள். அவசரமே இல்லாமல் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நாளைக்கு நீங்க ஓட்டுங்க. அம்பது மூடி. கும்பிட வேண்டாம். எல்லாம் நேரா வந்துச்சுன்னா கையெழுத்துப் போடறனுங்க."

வியாழக்கிழமை காலை ஏழரைக்குத் தரணீஷ் மெஷின் முன்னால் நின்றான். கோகிலவாணி பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வேறு எதையும் தொட விடவில்லை. கதவை எப்போது திறக்க வேண்டும், பட்டனை எப்போது அமுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

கதவு திறந்தான். மூடி எடுத்தான். காற்றடித்தான். அடுத்ததை மாட்டினான்.

பத்து மூடி ஆனதும் அவனுக்கு நடையே மாறிவிட்டது. இருபது ஆனதும் லேசாக விசிலடித்தான். பதினொரு மணிக்குள் ஐம்பதையும் முடித்துவிட்டு, ஃபோனில் நேரத்தைப் பார்த்து, அவளுக்கும் காட்டினான்.

"வேகந்தானுங்க" என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

பிறகு ஐம்பது மூடியையும் வழவழப்பான ஒரு கருங்கல் பலகைக்குக் கொண்டுபோனாள். அங்கே அளவு பார்க்கும் டயல் இருந்தது. மூடியை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால், அதன் முகப்பு நேராக இருக்கிறதா என்று முள் காட்டிவிடும். முதல் மூடிக்கு முள் அசையவில்லை. இரண்டாவதுக்கும் அசையவில்லை. தரணீஷ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஏழாவது மூடிக்கு முள் துள்ளியது.

தரணீஷ் கையை அவிழ்த்தான்.

ஐம்பதில் ஆறு மூடி கோணல்.

"புரோகிராம்ல தப்பு இருக்குங்க்கா" என்றான்.

"இருக்கலாம்ங்க."

புரோகிராமைப் பார்த்தார்கள். சரியாக இருந்தது.

"டூல் தேஞ்சிருக்கும்."

"இருக்கலாம்ங்க."

டூல் மூன்று நாளைக்கு முன்னால் மாற்றியது.

"வார்ப்பே கோணலா வந்திருக்கும்."

"இருக்கலாம்ங்க" என்றவள், அதே வார்ப்புக் குவியலிலிருந்து பத்து மூடி எடுத்துத் தானே கடைந்து காட்டினாள். பத்துக்கும் முள் அசையவில்லை.

"கரண்ட்ல ஏற்ற இறக்கம்?"

அதற்கு அவள் "இருக்கலாம்ங்க" என்றுகூடச் சொல்லவில்லை. இன்னொரு மூடியைக் கடைந்து எடுத்தாள். உள்ளே காற்றடித்தாள். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

தரணீஷ் தனியாக நின்றான். யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே கையை விட்டு, அவள் செய்வது போலவே மூன்று தாடைகளையும் நடுவிரலால் ஒரு சுற்றுத் தடவினான்.

இரண்டாவது தாடையில் சுருக்கென்று குத்தியது.

விரலை எடுத்துப் பார்த்தான். ஒரு பொட்டு ரத்தம். குனிந்து தாடையைப் பார்த்தான். மூடி உட்காருகிற இடத்தில் ஓர் இரும்புத் துகள், மயிரிழை கனத்தில், எண்ணெய்ப் பசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. காற்றடித்தும் அது போகவில்லை. கண்ணுக்கும் சட்டென்று தெரியவில்லை. அதன் மேல் மூடியை வைத்தால் மூடி சாய்ந்துதான் உட்காரும். சாய்ந்து உட்கார்ந்ததை மெஷின் பாவம் அக்கறையாகக் கடையும், கோணலாக.

கோகிலவாணி திரும்பி வந்தபோது அவன் விரலைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

"கும்பிட்டீங்களா?"

"ரத்தம் வருதுங்க்கா."

"முதலுதவிப் பெட்டியில பிளாஸ்திரி இருக்குதுங்க."

பிளாஸ்திரி ஒட்டும்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. தோற்றவனுக்கு வருகிற கோபம். அதற்குக் கண்மண் தெரியாது.

"ரெண்டு நாளா பக்கத்துலயே நின்னு அளந்தேன். துகள் இருக்குதான்னு பார்க்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லங்க்கா?"

"நீங்களும் மூடிக்கு மூடி ஃபோனை முகத்துக்கு நேராத் தூக்கிப் புடிச்சு, வாய்க்குள்ள என்னமோ முணுமுணுத்தீங்க. சாமி கும்பிடற ஆளைக் குறுக்க கூப்படலாமுங்களா?"

அவன் பிளாஸ்திரியை இன்னொரு தரம் அழுத்தி ஒட்டினான்.

கோகிலவாணி ஆறு மூடிகளுக்கும் சிவப்புப் பெயின்ட் அடித்தாள். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை கட்டினாள். அட்டையில் ஓட்டியவர் பெயர் எழுத ஓர் இடம் உண்டு. ஆறிலும் 'கோகிலவாணி' என்று எழுதினாள்.

"அக்கா, ஓட்டினது நான்."

"மெஷின் என்னுதுங்க."

பெட்டியில் மூடிகளைப் போட்டாள். சிலந்தி வீட்டைக் காலி செய்துகொண்டு ஓடியது.

நாலு மணிக்குச் சென்னியப்பன் சுற்றி வருகிற நேரம். பெட்டியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஆறா? உன் பெட்டியிலயா அம்மிணி?"

"ஆமாங்க."

"உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கறனுங்க."

சென்னியப்பன் மோவாயைச் சொறிந்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. தரணீஷ் பக்கம் திரும்பினார்.

"பார்த்தியா தம்பி, அத்தனை கும்பிட்டும் ஆறு போயிருக்குது. உன் ரிப்போர்ட்டு நூத்துக்கு நூறு சரி. எங்க, குடு இப்படி. அவ போட வேண்டாம். நானே கையெழுத்துப் போட்டுடறேன்."

பேனாவை எடுத்து மூடியையும் கழற்றிவிட்டார்.

அறிக்கை தரணீஷ் கக்கத்தில் இருந்தது. நீட்டினால் போதும். மார்க் வந்துவிடும், ஓசூர் வந்துவிடும், அப்பா சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும். கோகிலவாணியை ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் டயலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். இவன் பக்கமே திரும்பவில்லை. திரும்பி ஒரு முறை முறைத்திருந்தால்கூட இவனுக்கு லேசாக இருந்திருக்கும்.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. அறிக்கையைப் பாதி நீட்டிவிட்டான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

"சார், அந்த ஆறும் நான் ஓட்டினதுங்க."

"என்னது?"

"அக்கா கும்பிடலைங்க சார். துகள் ஒட்டியிருக்குதான்னு தடவிப் பார்க்கறாங்க. நான் தடவலை. ஆறு போச்சுங்க. ரிப்போர்ட் தப்புங்க சார்."

சென்னியப்பன் பேனாவை மூடினார்.

"அப்ப அந்த ஆயிரத்து எண்ணூறு?"

"இல்லைங்க சார்."

"கொஞ்சங்கூடவா?"

"ஒண்ணுகூட இல்லைங்க சார்."

பெண் பார்த்து, பிடித்துப்போய், ஜாதகம் பொருந்தாமல் திரும்புகிறவர் மாதிரி சென்னியப்பன் நின்றார். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டார்.

"அட்டையில பேரை மாத்து அம்மிணி. தம்பி, நீ காலேஜுக்கு என்ன குடுப்பே?"

"தெரியலைங்க சார்" என்றான்.

"இங்க மூடி கெட்டா ஒரு படிவம் எழுதணும். அஞ்சு ஏன். ஏன் கெட்டுச்சுன்னு ஒரு பதில் எழுது. அந்தப் பதில் ஏன் வந்துச்சுன்னு அடுத்தது. இப்படி அஞ்சு தடவை. முடிச்சு எடுத்துட்டு வா, அதையே காலேஜுக்குக் குடு, சீல் வெக்கறேன். ஆனா அம்மிணி கையெழுத்து இருக்கோணும்."

சனிக்கிழமை, கடைசி நாள். டீ நேரத்தில் தரணீஷ் படிவத்தைக் கொண்டுவந்தான். ஒரே ஒரு பக்கம். கோகிலவாணி டம்ளரைக் கீழே வைத்தாள். வாய்விட்டுப் படித்தாள்.

"ஆறு மூடி ஏன் கோணல்? அடியில் துகள் இருந்தது. துகள் ஏன் இருந்தது? தடவிப் பார்க்கவில்லை. ஏன் தடவிப் பார்க்கவில்லை? வீண் வேலை என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன்? அவர் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். ஏன் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன்?"

நிறுத்தினாள்.

"அஞ்சாவது காலியா இருக்குதுங்க."

"காலேஜுக்கு நாலு போதும்ங்க்கா."

"இது கம்பெனிங்க."

தரணீஷ் நெற்றியைத் தேய்த்தான். "ரெண்டு நாளா யோசிக்கறனுங்க்கா. காலையில எல்லாரும் மெஷினைத் தொட்டுக் கும்பிடறீங்க. அதைப் பார்த்ததாலன்னு எழுதட்டுங்களா?"

"எழுதலாம்ங்க. சென்னியப்பன் சாரும்தான் காலையில தொட்டுக் கும்பிடறாரு."

"ஆமாங்க."

"அவரு உள்ள கையை விட்டு இதே மாதிரி தடவியிருந்தா என்னன்னு எழுதியிருப்பீங்க?"

"ஏதோ செக் பண்றார்னு..."

அவன் வாய் அப்படியே நின்றது.

கோகிலவாணி டீயைக் குடித்தாள். பக்கத்து லேத் ஒரு மூடியைக் கடைந்து முடித்து, அடுத்ததையும் தொடங்கிவிட்டது. தரணீஷ் படிவத்தை இழுத்து முழங்காலில் வைத்துக்கொண்டான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. குனிந்து ஐந்தாவது கட்டத்தில் பொடி எழுத்தில் எழுதினான். அவள் முகத்தைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தான்.

'அவர் ஐடிஐ. நான் பி.இ.'

இதை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை.

டம்ளரில் மிச்சமிருந்த டீ ஆறும்வரை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரணீஷுக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. படிவத்தில் கீழே இன்னும் நிறைய இடம் இருந்தது.

"அஞ்சோட நிறுத்திக்குவமுங்க" என்றாள் கோகிலவாணி. "பேனா குடுங்க."